வீதிக்கு வந்த மாணவர் கலை

(வாலிபர் பகுதியின் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்று எம்மை இந்த மேடைக்கு அழைத்த காரணம் உங்களில் அநேகருக்குத் தெரியும். எமது வாசிகசாலையின் வீதிப்புறச் சுவரிலே நாட்டு நடப்பைப் பொருளாகக் கொண்டு பெரியதொரு சித்திரம் கீற வேண்டுமென்று வாலிபர் பகுதியினர் விண்ணப்பித்திருக்கிறார்கள். செயற்குழு அதனை இரண்டு கூட்டங்களில் ஆராய்ந்தது, முடிவு காணவில்லை. "முதலில் இதுபற்றி ஒருவர் பேசட்டும், பிறகு பார்ப்போம்" என்று ஒத்திவைத்தது. ஒரு காரியத்தைத் தள்ளிப்போடுவதற்குப் பேச்சு ஒன்றை ஏற்பாடு செய்வது நல்ல உபாயம் என்பதைச் சங்கங்களில் பழகியவர் எவரும் அறிவர். ஆயினும் நாம் அந்த உபாயத்துக்குத் துணைபோக வரவில்லை. எமக்கு ஓவியம் கைவராது. பெயின்ற் வாளி தூக்கிய பழக்கமும், ஏணி பிடித்த பழக்கமும், ஒருமுறை பிழை செய்து நாணிய அனுபவமும் உண்டு. அந்த உரிமையில் பேசுகிறோம்.

பெரியோர் சிலர் சொல்வது யாதெனில், சங்கத்தின் சுவரில் அரசியல் ஏறலாகாது என்பது. அவர்களை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை. இந்த நாட்டிலே சுவரில் எழுதியதற்காகப் பிள்ளைகள் பட்ட துன்பத்தைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். ஆனால் ஒன்றைப் பணிவோடு நினைவூட்டுகிறோம். தேர்தல் வந்தால் எமது சுவருக்கு யாரும் விண்ணப்பம் போடுவதில்லை. ஓர் இரவில் பசை வாளியுடன் வந்து, வேட்பாளரின் முகத்தையும் இலக்கத்தையும் ஒட்டிவிட்டுப் போகிறார்கள்; மறுநாள் இரவு அதன்மேல் வேறொரு முகம் ஏறுகிறது. மழையில் கரைந்து கடதாசி தொங்கும்வரை அவை நிற்கின்றன. அரசியல் இந்தச் சுவரில் பல காலம் குடியிருக்கிறது. பிள்ளைகள் கேட்பது அதைக் கொண்டுவருவதற்கன்று. நின்று நிதானித்து, கூடிப் பேசி, தம் கையால் ஒன்றைச் செய்து வைப்பதற்கு.

அப்படிக் கூடிச் செய்த மாணாக்கர் இருவகையினரைப் பற்றி இன்று கூற விரும்புகிறோம். ஒரு கூட்டத்தார் சீனத்தில், மற்றவர் பிரான்சில்.

சீனத் தலைநகராகிய பெய்ஜிங்கிலே, எம் தந்தையர் பீக்கிங் என்று படித்த அந்த நகரிலே, தியனன்மென் என்னும் பெருஞ்சதுக்கம் உண்டு. 1989ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், சீர்திருத்தத்தை விரும்பியவரெனப் பெயர்பெற்ற ஹூ யாவ்பாங் என்ற தலைவர் காலமானார். அவருக்கு அஞ்சலி செலுத்தக் கூடிய மாணவர் கூட்டம் கலையவில்லை. மே 13இல் உண்ணாவிரதம் தொடங்கியது. மே 20இல் அரசாங்கம் இராணுவச் சட்டம் பிறப்பித்தது. மாதக் கடைசியில் கூட்டம் சோர்ந்துவிட்டது. வெயில், பசி, அழுக்கு, தலைவர்களிடையே பிணக்கு. பலர் ஊர் திரும்பத் தொடங்கினர். அவ்வேளையில் மாணவர் அமைப்பினர், மத்திய நுண்கலைக் கழகத்தின் சிற்பப் பகுதி மாணாக்கரை அணுகி, சதுக்கத்தில் வைப்பதற்குப் பெரியதொரு சிலை வேண்டுமென்றனர். மே 27இல் வேலை தொடங்கியது. மே 30இல் சிலை நிற்கவேண்டும். இடையில் மூன்று நாள்.

கேட்டவர்கள் விரும்பியது அமெரிக்காவின் நியூயோர்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவியின் பிரதியை. சிற்பம் பயின்ற பிள்ளைகள் மறுத்தார்கள். பிறர் சிலையைப் பெயர்த்து வைப்பது கலையாகாது என்றும், அது தம் இயக்கத்தை அமெரிக்காவுக்கு அடகு வைத்ததுபோலத் தோன்றும் என்றும் கருதினார்கள். ஆனால் மூன்று நாளில் புதிதாக ஒன்றைச் சிந்தித்து உருவாக்கவும் இயலாது. என்ன செய்தார்கள்? தம் வகுப்பறையைச் சுற்றிப் பார்த்தார்கள். அங்கே ஒரு பயிற்சி உருவம் கிடந்தது. ஓர் ஆண்மகன் நீண்ட கம்பொன்றை இரு கைகளாலும் தலைக்கு மேலே பற்றி அதன்மேல் சாய்ந்து நிற்கும் உருவம். உடலின் பாரம் நடுநிலை விட்டு விலகினால் தசைகள் எப்படி மாறும் என்று கற்பதற்காகச் செய்தது. அரசியல் யாதும் அதில் இல்லை. அந்தக் கம்பின் கீழ்ப்பாகத்தை வெட்டினார்கள், மேல்முனையில் சுவாலையை வைத்தார்கள், கம்பு தீப்பந்தமாயிற்று. சாய்ந்து நின்ற உடலை நிமிர்த்தினார்கள். ஆண் முகத்தைப் பெண் முகமாக்கி, நீண்ட அங்கி சாத்தினார்கள். நியூயோர்க்கில் உள்ளவள் பந்தத்தை ஒரு கையால் ஏந்துகிறாள். பெய்ஜிங்கில் நின்றவள் இரு கைகளாலும் பற்றியிருந்தாள். ஏன் இரு கை என்று பிற்காலத்தில் பலர் பலவாறு வியாக்கியானம் செய்தனர். கம்பு பிடித்தவனுக்கு இரு கை இருந்தமையே அதன் முதற்காரணம்.

இவ்விடத்தைச் சிறிது அழுத்திச் சொல்கிறோம். எமது பிள்ளைகள் "நேரம் போதாது, ஆதலால் இணையத்திலிருந்து ஒரு படத்தை எடுத்துப் பெருப்பிப்போம்" என்று அடிக்கடி சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பிள்ளைகளுக்கும் நேரம் இல்லை. எனினும் தாங்கள் முன்பு கற்றதிலிருந்து எடுத்தார்கள். பிறர் சிலையைத் தொடவில்லை. கற்ற காலத்தில் செய்து மூலையில் போட்ட வேலை எந்நாளில் எதற்கு உதவும் என்று யாருக்குத் தெரியும்!

சிலையின் உயரம் ஏறக்குறைய 10 மீற்றர். எமது வாசிகசாலை முகட்டுக்கும் மேலே அது தலை நீட்டியிருக்கும். செய்த பொருள் என்னவென்று நினைக்கிறீர்கள்? கல்லன்று, செம்பன்று. திருமண மண்டபங்களில் மணவறை சோடிக்கிறார்களே, நாம் ரெஜிபோம் என்று சொல்லும் அந்த வெண்பொருள். அதனை வெட்டிச் செதுக்கி, உள்ளே உலோகச் சட்டம் கொடுத்து, மேலே வெண்சாந்து பூசினார்கள். ஏறக்குறைய பதினைந்து பேர், பெரும்பாலும் இருபது வயதைச் சற்றுத் தாண்டிய பிள்ளைகள், முறைவைத்து உறங்கி, இரவு பகலாக வேலை செய்தனர். தூக்கிச் செல்வதற்கு ஏற்ப நான்கு துண்டுகளாகச் செய்தார்கள். லொறி பேசியிருந்தார்கள். அதனை அறிந்த பாதுகாப்புத் துறையினர், சிலையை ஏற்றும் சாரதியின் அனுமதிப்பத்திரம் பறிக்கப்படும் என்று அச்சுறுத்தினர். லொறி வரவில்லை. பிள்ளைகள் ஆறு சைக்கிள் வண்டிகளைப் பிடித்தார்கள். பெய்ஜிங்கில் சாமான் ஏற்றும் மூன்று சில்லு வண்டிகள் அவை. நான்கில் சிலையின் துண்டுகள், இரண்டில் கருவிகளும் சாந்தும். ஒரு வழியால் போவதாகச் செய்தி பரப்பிவிட்டு வேறு வழியால் இரவிலே போனார்கள்.

சதுக்கத்தில் அதனை வைத்த இடத்தையும் கவனியுங்கள். ஒரு புறம் மக்கள் வீரர் நினைவுத்தூண். மறு புறம் வாயிலில் மாஓவின் பெரிய உருவப்படம். இரண்டுக்கும் இடைப்பட்ட நேர்கோட்டிலே, மாஓவின் முகத்துக்கு எதிர்முகமாக வைத்தார்கள். ஒரு சொல் எழுதாமலே பேச்சு நடந்துவிட்டது. இடம் தெரிவதும் கலையில் பாதியென்று நாம் நினைக்கிறோம். சுவர் எங்கே இருக்கிறது, அதற்கு எதிரே யார் வீடு, யார் கடை, பஸ்ஸுக்கு நிற்பவர் எத்திசை பார்த்து நிற்பார், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளின் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்பனவெல்லாம் தூரிகை எடுப்பதற்கு முன் நடந்து பார்க்க வேண்டியவை.

இன்னொரு நுட்பமும் உண்டு. துண்டுகளைப் பொருத்தியபின் மீண்டும் கழற்ற இயலாதவாறு செய்தார்கள். அகற்ற விரும்புபவன் எல்லோரும் பார்த்திருக்க அதனை உடைத்தே ஆகவேண்டும். அவ்வாறே ஆயிற்று. மே 30இல் திறந்துவைத்த சிலை, ஜூன் 4 அதிகாலையில் படையினர் சதுக்கத்தினுள் நுழைந்தபோது வீழ்த்தப்பட்டது. நின்றது ஐந்தே நாள். அந்த இரவில் அந்நகர வீதிகளில் மாண்ட மக்களின் முன் ஒரு சிலையின் வீழ்ச்சி சிறிது. அதையும் மறவாமற் சொல்லவேண்டும்.

ஐந்து நாளுக்காக இவ்வளவு பாடா என்று கேட்பவர் இங்கே இருக்கலாம். சப்பறத் திருவிழாவைக் கண்ட ஊரவர்கள் அப்படிக் கேட்கலாமா? மரமும் மூங்கிலும் சீலையும் கடதாசியும் கொண்டு வானளாவக் கட்டுகிறோம். ஓர் இரவு வீதி சுற்றுகிறது. மறுநாள் தேர்; சப்பறம் அவிழ்ந்து கொட்டிலுக்குப் போகிறது. கட்டியவர்களில் எவரும் அதற்காக அழுததை நாம் கண்டதில்லை. அடுத்த ஆண்டு கட்டத் தெரிந்த கைகள் இருக்கின்றன என்பதே அவர்களுடைய கணக்கு. பெய்ஜிங் சிலையின் கதையும் ஐந்து நாளோடு முடியவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் சீனர் பகுதியில் 1994இல் அதன் வெண்கலப் பிரதி நிறுவப்பட்டது. ஹொங்கொங் சீனப் பல்கலைக்கழக வளாகத்தில் 2010 முதல் ஒரு பிரதி நின்றது. 2021 டிசம்பர் 24 அதிகாலையில் அதையும் அகற்றிவிட்டார்கள்.

இனிப் பாரிஸ். இது இருபத்தொரு ஆண்டு முந்திய கதை. 1968 மே மாதத்திலே மாணவர் கிளர்ச்சியும் தொழிலாளர் வேலைநிறுத்தமும் ஒன்றுசேர்ந்தன. ஒரு கோடி வரையிலான தொழிலாளர் வேலையை நிறுத்தினர் என்பர். பாரிஸ் நுண்கலைக் கல்லூரி மாணாக்கர் மே மாத நடுவில் தம் கல்லூரியைக் கைப்பற்றிக்கொண்டனர். அங்கிருந்த கல்லச்சில் முதலாவது சுவரொட்டியை அச்சிட்டனர். தொழிற்சாலை, சர்வகலாசாலை, ஒற்றுமை என்னும் பொருள்படும் மூன்று சொற்களே அதில் இருந்தன. சில பத்துப் பிரதிகளே எடுத்தார்கள். விற்று நிதி சேர்ப்பது முதல் எண்ணம். தெருவில் இறங்கியதும் விற்பதை மறந்து சுவரிலே ஒட்டிவிட்டார்கள்! அந்தக் கணத்தில்தான் ஒரு கல்லூரி அறை மக்கள் பட்டறையாயிற்று. "மக்கள் பட்டறை" என்றே தமக்குப் பெயரும் வைத்தனர்.

கல்லச்சு மெதுவாக நடப்பது. கீ த ரூஜ்மோன் என்னும் ஓவியர் சில்க் ஸ்கிரீன் முறையை அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தார். இன்று எமது பட்டணங்களில் ரீசேட்டிலும் பதாகையிலும் படம் பதிக்கிறார்களே, அதே முறை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி, மறைக்கவேண்டிய இடத்தை அடைக்கப் பசை, மையைத் தள்ள ஒரு றப்பர்ப் பலகை; அவ்வளவே. ஓர் இரவில் ஆயிரக்கணக்கில் அச்சிட முடிந்தது. வேலைநிறுத்தம் செய்த பத்திரிகை அச்சகத்தார் எஞ்சிய கடதாசிச் சுருள்களைக் கொடுத்துதவினர். ஆதலின் அந்தச் சுவரொட்டிகள் பலவும் மெல்லிய பத்திரிகைத் தாளிலே, ஒரே நிறத்திலே இருக்கின்றன. ஒற்றை நிறம் அவர்களுடைய கொள்கையன்று. கைவசம் இருந்தது அதுதான்.

நாம் உங்களுக்குச் சொல்ல விரும்புவது அச்சு முறையையன்று, அவர்கள் கூடிய முறையை. ஒவ்வொரு நாளும் பொதுக்கூட்டம். மாணாக்கர், ஓவியர், வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளர் யாவரும் அமர்வர். கீறிய மாதிரிகளை வரிசையாக வைப்பர். கேட்கும் கேள்வி இரண்டு. இதில் உள்ள கருத்துச் சரியா? அந்தக் கருத்தை இந்தப் படம் நன்றாகச் சொல்கிறதா? பெரும்பான்மை ஏற்றால் அச்சுக்குப் போகும். இல்லையேல் திருத்தத்துக்குப் போகும், அல்லது குப்பைக்கூடைக்கு. எந்தப் படத்திலும் கையொப்பம் இல்லை. பட்டறையின் முத்திரை மாத்திரம் சிலவற்றில் காணலாம். கீறியவன் பெயர் ஊருக்குத் தெரியாது. எமது சங்கங்களிலே ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினால், தொட்டியிலும் பெரிதாக உபயகாரர் பெயர்க்கல் பதிக்கிறோம் என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொண்டோம், வேறொன்றும் சொல்லவில்லை.

கூடிச் செய்வதில் இழப்பும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. டனியல் கோன் பென்டிட் என்ற மாணவர் தலைவரைப் பற்றி நீங்கள் படித்திருக்கலாம். நாசியரிடமிருந்து தப்பியோடிய ஜெர்மானிய யூதப் பெற்றோருக்குப் பிரான்சிலே பிறந்தவர். அவர் வெளிநாடு சென்றிருந்தபோது, மீண்டும் நாட்டுக்குள் வரலாகாது என்று அரசாங்கம் தடை விதித்தது. பெர்னார் ரன்சியாக் என்னும் ஓவியர், பொலிஸ்காரரை நோக்கி அவர் சிரிக்கும் புகைப்படத்தைக் கொண்டு ஒரு சுவரொட்டி செய்து, அதன் கீழே "நாம் அனைவரும் யூதரும் ஜெர்மானியருமே" என்ற கருத்துப்பட எழுதினார். பொதுக்கூட்டம் விவாதித்தது. அந்த வாசகத்தை நீக்கி, "நாம் அனைவரும் வேண்டப்படாதவர்களே" என்று மாற்றியது. புதிய சொல் எல்லோரையும் அணைத்துக்கொண்டது உண்மை. ஆனால் முதலாவது சொல்லில் ஒரு முள் இருந்தது. யுத்தம் முடிந்து இருபத்துமூன்று ஆண்டுகளே ஆன ஒரு நாட்டிலே, அந்த இரண்டு இனப்பெயர்களையும் ஒருசேரத் தம்மேல் போட்டுக்கொள்வது இலேசான காரியமன்று. கூட்டம் முள்ளை எடுத்துவிட்டது. எமது அபிப்பிராயத்தில் முதலாவதே வலியது. கமிற்றி ஒன்று சொல்லைத் தொட்டால் அது வழவழப்பாகிவிடும் என்பதை இங்குள்ள காரியதரிசிகள் நன்கு அறிவார்கள்.

ஜூன் 27இல் பொலிசார் கல்லூரியை மீட்டனர். தமது சுவரொட்டிகளை அலங்காரப் பொருளாக மாட்டிவைக்கலாகாது, போராட்டம் நடக்கும் இடமே அவற்றின் இடம் என்று பட்டறையினர் எழுதிவைத்தார்கள். இன்றோ அவை நூதனசாலைகளில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. ஏலத்திலும் நல்ல விலை போகின்றன.

தூரதேசத்துக் கதை போதும். எமது கதைக்கு வருவோம்.

2019 நவம்பர் 16இல் இந்நாட்டில் சனாதிபதித் தேர்தல் நடந்தது. அதையடுத்த வாரங்களில் நாடெங்கும் வாலிபர்கள் தூரிகை எடுத்துச் சுவர் சுவராக வர்ணம் தீட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த மூலைகள் துப்புரவாயின, அதற்காக வாழ்த்தினோம். அதேவேளை, பல சுவர்களில் பண்டைய மன்னரும் போர்வீரருமே நிறைந்திருந்தனர். பல்லின மக்கள் வாழும் நாடு ஒரே இனத்தாரின் நாடுபோலத் தோன்றியது என்று குறை சொன்னவர்களும் இருந்தார்கள். அக்குறையில் நியாயம் உண்டு. "அப்படியாயின் எங்கள் சுவரில் எங்கள் கதையைக் கீறுவோம்" என்று, உயர்தர வகுப்புப் பிள்ளைகளும் பழைய மாணவருமாக ஒன்பது பேர் புறப்பட்டோம். ஒழுங்கை ஒன்றின் முகப்பில் நீண்ட மதில் இருந்தது. உடையவர் வெளிநாட்டில், தொலைபேசியில் சம்மதம் தந்தார். மூன்று மாலைப்பொழுது ஒரு கொட்டிலில் இருந்து விவாதித்தோம். காணாமற்போன பிள்ளையின் படத்தை ஏந்தி நிற்கும் தாயைக் கீறுவதென்று முடிவாயிற்று. அவள் கையிலுள்ள சட்டத்துக்குள் முகம் வேண்டாம், வெறுமையாக விடுவோம். அது எல்லாப் பிள்ளைகளையும் குறிக்கும் என்றான் ஒருவன். எல்லோருக்கும் பிடித்துக்கொண்டது. அது பெரிய கலைநுட்பம் என்று நாமும் தலையாட்டினோம்.

இரண்டாம் நாள் வேலை நடக்கும்போது அந்த ஒழுங்கையில் குடியிருக்கும் ஓர் அம்மா வந்து நின்றார். நெடுநேரம் பார்த்தார். பிறகு ஏணியில் நின்ற பையனைக் கேட்டார்:

"ஏன் தம்பி, படத்துக்குள்ளை முகம் இல்லை?"

"அது எல்லாப் பிள்ளையளையும் குறிக்குது அம்மா."

"எல்லாப் பிள்ளையளும் எண்டால் ஆற்றை பிள்ளையும் இல்லையெண்டதுதானே? என்ரை பிள்ளைக்கு முகம் இருக்குது."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். பத்து வருடத்துக்கு மேலாக மகனைத் தேடுபவர் அவர் என்பது எமக்கு அப்போதுதான் தெரிந்தது. மதிலிலிருந்து அவர் வீடு ஐம்பது அடி. மூன்று மாலை நிறத்தைப் பற்றியும் நிழலைப் பற்றியும் பேசிய நாம் அந்த ஐம்பது அடியை நடக்கவில்லை. நாணம் எம்மைத் தின்றது.

அன்றிரவு சச்சரவு. அவர் மகனின் முகத்தையே கீறுவோம் என்றனர் சிலர். அப்படியானால் அடுத்த ஒழுங்கையில் உள்ளவர்களின் பிள்ளைகள்? விசாரணை வந்தால் யார் பதில் சொல்வது? விட்டுவிட்டு ஒரு பனைமரத்தைக் கீறிவிட்டுப் போவோம் என்று ஒருவர் சலித்துக்கொண்டார். எம்மில் இளையவளாகிய ஒரு மாணவி, அதுவரை வர்ணம் குழைப்பதைத் தவிர வேறு வேலை அவளுக்கு நாம் கொடுத்ததில்லை, "அந்த அம்மாவைப் போய்க் கேட்டால் என்ன?" என்றாள்.

போனோம். தேநீர் தந்தார். பெட்டிக்குள் சேலை மடிப்பிலிருந்து படத்தை எடுத்துக் காட்டினார். அதைச் சுவரில் கீற அவர் உடன்படவில்லை. "வெய்யிலிலையும் மழையிலையும் அவனை விடமாட்டன்" என்றார். பிறகு அவராகவே, நாம் கீறியிருந்த கைகள் பிழை என்றார். படத்தை நீட்டிப் பிடிப்பது செய்திக்காரர் படம் எடுக்கும் சிறிது நேரத்துக்குத்தானாம். மணிக்கணக்காக இருக்கும்போது கை உளையும், மடியில் வைப்பார்களாம். வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது முகத்தை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு வருவார்களாம், குழந்தையைத் தூக்குவதுபோல. எழுந்து நின்று அப்படிப் பிடித்தும் காட்டினார்.

மறுநாள் தாயின் உருவத்தை அழித்துப் புதிதாகக் கீறினோம். அவள் வீதியால் நடந்து வருகிறாள். சட்டத்தின் முதுகுப்புறம் மாத்திரம் தெரிகிறது. பின்பலகை, இரண்டு ஆணி, மாட்டும் கயிறு. முகம் அவள் நெஞ்சிலே. அந்த அம்மா வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றின் நிறம் சரியில்லையென்று மட்டும் அவருடைய பேத்தி மூலம் சொல்லியனுப்பினார், மாற்றினோம்.

பாரிஸ் பிள்ளைகளின் இரண்டு கேள்விகளோடு, அந்த ஒழுங்கையில் நாம் கற்ற மூன்றாவது கேள்வியையும் வாலிபர் பகுதியின் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: இந்தப் படத்தில் உள்ளவர்களிடம் கேட்டாயா?

கலைப்பிழையைச் சொன்ன நாம் தொழிற்பிழையையும் சொல்லவேண்டும். நாம் கீறியது மாரிகாலத்தில். மதில் பழைய சுண்ணக்கல் மதில், ஈரம் குடித்திருந்தது. அவசரத்தில் அடிப்பூச்சு இல்லாமல் பெயின்றைப் பூசினோம். அடுத்த கோடையில் உப்புப் பூத்து, தாயின் பாதத்திலிருந்து சேலைக்கரை வரைக்கும் செதில் செதிலாக உரிந்தது. நிலத்து ஈரம் கீழிருந்து மேலே ஏறுவதால் கால்தான் முதலில் போகும். எமது வாசிகசாலைச் சுவரும் அவ்வகையினதே. ஆதலால் பங்குனிக்குப் பின், சுவர் நன்றாக உலர்ந்ததும், பழைய சுண்ணாம்பைச் சுரண்டிக் கழுவி, ஆறவிட்டு, அடிப்பூச்சுக் கொடுத்துத் தொடங்குங்கள். நிலத்திலிருந்து ஒன்றரை அடியை வெறுமனே விட்டுவிடுங்கள். ஆடுகளும் அதை விரும்பும்.

பெரியோருக்கும் ஒரு வேண்டுகோள். அனுமதி தருவதாயின் முழுதாகத் தாருங்கள். பொருளைக் கேட்டறியுங்கள், மாதிரியைப் பாருங்கள், ஐயமிருந்தால் அப்போதே சொல்லுங்கள். பாதி கீறியபின் வந்து, இந்த நிறம் அந்தக் கட்சியின் நிறமல்லவா என்று கேட்பது பிள்ளைகளை நோகடிக்கும். எந்த நிறம் எந்தக் கட்சிக்குச் சொந்தமில்லை இந்நாட்டில்? வானத்துக்கு நீலம் வேண்டும், வயலுக்குப் பச்சை வேண்டும். பிரதேச சபைக்கு ஒரு கடிதம் போகட்டும். அதில் பிள்ளைகளின் கையொப்பம் வேண்டாம், செயற்குழுவின் கையொப்பம் இருக்கட்டும். விசாரித்து யாரேனும் வந்தால் வாசலில் முதலில் நிற்கவேண்டியவர் தலைநரைத்த நாமே.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். இருட்டுமுன் அவர்கள் வீடு சேரவேண்டுமென்பதற்காக அவர்களை வர்ணம் குழைப்பவர்களாகவே வைத்திருப்பது முறையன்று. வேலையைக் காலையில் தொடங்கினால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

அழிக்கப்பட்டால் என்ன செய்வது என்று நேற்று ஒரு தம்பி எம்மைக் கேட்டான். 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடித்தழிக்கப்பட்டதும், மாணவர்கள் வாயிலில் கூடி உண்ணாவிரதம் இருந்ததும், மூன்று நாளில் மீண்டும் அடிக்கல் நடப்பட்டதும், அவ்வாண்டிலேயே தூபி திரும்ப எழுந்ததும் இந்த மண்டபத்தில் உள்ளவர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. தம்பி, மாதிரிப் படத்தைப் பத்திரமாக வை. அளவுகளைக் கொப்பியில் எழுதிவை. எந்த நிறத்தை எந்த அளவில் கலந்தாய் என்பதையும் எழுதிவை.

செயற்குழு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. அதற்குமுன் வாலிபர் பகுதியினர் வாசிகசாலைக்கு எதிரேயுள்ள நான்கு வீடுகளுக்கும், மூலைக் கடைக்கும், முச்சக்கரவண்டித் தரிப்பிடத்துக்கும் போய்வருவது நல்லது. அந்தச் சுவரை நாள்தோறும் பார்க்கப்போகிறவர்கள் அவர்களே. களஞ்சிய அறையில் சங்கத்தின் ஏணி இருக்கிறது. அதன் மூன்றாம் படி உடைந்து ஈராண்டாகிறது. கயிறு சுற்றி வைத்திருக்கிறார்கள். அதை நாம் தச்சரிடம் கொடுத்துத் திருத்தித் தருகிறோம்.